ஒண்டிக்கடையில் பிறந்த கோல்கீப்பர்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற பஸ் ஸ்டாப்பில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் சாதிக் பாஷாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இத்தனை வருடங்களில் அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. டூரிஸ்ட்காரர்கள் கார் கண்ணாடியை இறக்கி, "அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்டால், அவர் அருவிப் பக்கம் போய் ஆறு மாதம் ஆகியிருந்தாலும், "நொம்ப நல்லா விழுதுங்க, பாத்து நில்லுங்க" என்பார். அவர்கள் வறண்ட பாறையைப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு திரும்பி வந்தால், "காலையில போயிருக்கோணுங்க" என்று அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது அவருக்கு அவமானம். கடைக்கு வந்தவர் ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் போனால் எப்படி வருத்தப்படுவாரோ, அதே வருத்தம்.

இந்தக் குணம் உள்ளூர் அருவியோடு நின்றிருந்தால் நமக்கு இங்கே வேலை இல்லை. அது அவரை மேற்கு ஆப்பிரிக்கா வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒவ்வொரு வருடமும் காப்பிப் பழம் எடுக்கும் சீசனுக்கு முன்னால் அவர் திருப்பூர் போய் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் துணி வாங்கி வருவார். அந்த வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேலை, அதாவது துணிக்கட்டை, பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். மேலே கைவைத்து அழுத்திப் பார்க்கலாம். ஓரத்தில் விரலை விட்டு ஒரு நூலை இழுத்துப் பார்க்கலாம். அவ்வளவுதான். நம்பித் தூக்கி வரவேண்டும், வீட்டுக்கு வந்து பிரித்து அழவேண்டும். சாதிக் பாஷா அழுதவர்தான். ஒரு வருடம் பேல் நிறைய இடதுகால் மட்டும் உள்ள பைஜாமா வந்திருக்கிறது.

ஐந்து வருடங்களுக்கு முன்பு பிரித்த பேலில் இருந்தவை இருநூற்றுச் சொச்சம் பச்சை ஜெர்சிகள். முழுக்கை, நல்ல துணி, தையலில் ஒரு குறை இல்லை. நெஞ்சில் மஞ்சள் நிறத்தில் ஒரு ரம்பம், அதன் கீழே ஆங்கிலத்தில் 'அடோம்பா மைட்டி கார்பென்டர்ஸ்' என்று எழுத்து. எதற்காக ரிஜெக்ட் செய்தார்கள் என்பது திருப்பிப் பார்த்ததும் விளங்கியது. எல்லா ஜெர்சியின் முதுகிலும் ஒன்றாம் நம்பர். ஒன்று முதல் இருபத்தைந்து வரை போடச் சொன்ன ஆர்டரில், பிரின்டிங்காரர் முதல் நம்பரோடு மனநிறைவு அடைந்துவிட்டார் போலிருக்கிறது.

அவர் மனைவி தஸ்லீமா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தனையும் ஒண்ணாம் நம்பரா? வாங்கி வந்தவருக்குப் போட வேண்டிய நம்பரு இதில்லியே" என்றார்.

ஆனால் சரக்கு விற்றது. எஸ்டேட்டில் பழம் எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். எறும்பு கடிக்கும், கிளை கீறும், காலையில் பனி வேறு. பருத்திச் சட்டை நனைந்தால் காய மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இந்த ஜெர்சி உதறினால் காய்ந்தது. மாரமங்கலத்துச் சென்னம்மாள் முதலில் ஒன்று வாங்கினாள். அடுத்த வாரம் அவளோடு வேலை செய்யும் பதினாறு பேர் வந்தார்கள். பொங்கலுக்குள் மலையில் எந்தக் காப்பித் தோட்டத்தைப் பார்த்தாலும் செடிகளுக்கு நடுவே இருபது முப்பது கோல்கீப்பர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

சென்னம்மாள் எதையும் கேட்காமல் போட்டுக்கொள்கிறவள் இல்லை. "ஏனுங்க பாய், இது யாரு சட்டைங்க?" என்றாள்.

"கானான்னு ஒரு நாடு. அங்க ஒரு ஃபுட்பால் கிளப்பு. நொம்பப் பெரிய டீமு."

அதுவரை உண்மை. அதாவது, 'பெரிய' என்பதைத் தவிர. செல்போனில் தேடியபோது அந்தக் கிளப்புக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம் கிடைத்தது, அதைத் தொடர்கிறவர்கள் நூற்று எண்பத்தேழு பேர். நூற்று எண்பத்தெட்டாவது ஆளாகச் சாதிக் பாஷா சேர்ந்தார். எஸ்டேட் ஆபீஸில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆன செல்வமேரி அம்மாவிடம் போய், ஜெர்சி இங்கே இருக்கும் விஷயத்தை இங்கிலீஷில் எழுதி அனுப்பச் சொன்னார். மறுநாள் பதில் வந்தது. எழுதியவர் கிளப்பின் செக்ரட்டரி குவாகு அசாரே, அடோம்பாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

செல்வமேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துச் சொன்னார். "அந்த ஜெர்சிக்காக ஒரு சீசன் பூராவும் காத்துட்டு இருந்தாங்களாம். வரவே இல்லீங்களாம். பசங்க பழைய பனியன்ல கரியால நம்பர் எழுதிட்டு விளையாடுனாங்களாம். மழை வந்தா எல்லாருக்கும் நம்பர் அழிஞ்சு போயிருமாம். 'ஆக, ஆள் நீங்கதானா?'ன்னு கேக்கறாருங்க."

சாதிக் பாஷாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. விற்காமல் மீதி இருந்ததில் இருபத்தைந்தை எடுத்து, சேலத்துக்குக் கொண்டுபோய் முதுகு நம்பரையெல்லாம் மாற்றி, பார்சல் கட்டி அனுப்பினார். அது போய்ச் சேர மூன்று மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து அசாரேவுக்கும் அவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். செல்வமேரி நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துப் பேச்சை இங்கிலீஷிலும் அந்தப் பக்கத்துப் பேச்சைத் தமிழிலும் மாற்றிக்கொடுப்பார்.

கிளப்பின் கதை இவ்வளவுதான். 1963இல் அடோம்பா மரமில்லில் வேலை செய்தவர்கள் ஆரம்பித்தது. முதல் மேட்சில் ஒன்பது கோல் வாங்கித் தோற்றது. அறுபது வருடத்தில் ஒரே ஒரு முறை மூன்றாம் டிவிஷனிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது, அடுத்த வருடமே பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. பழைய ஆட்டங்களின் விவரங்கள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. பெட்டியைச் செய்தவர்கள் தச்சர்கள்தான், ஆனாலும் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு நோட்டுப் புத்தகம். அதில் தேதி, எதிரணி, கோல் கணக்கு, அவ்வளவுதான். யார் ஆடினார்கள், யார் கோல் போட்டார்கள் என்று ஒரு வரி கிடையாது. அந்த நோட்டை அசாரே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

மாரமங்கலம் பஸ் ஐந்து மணிக்கு வரவேண்டும், ஐந்தேமுக்காலுக்குத்தான் வரும். அதுவரை ஜனங்கள் சாதிக் பாஷா கடை வாசலில்தான் நிற்பார்கள். ஒரு நாள் பொழுது போகாமல் அவர் அந்த நோட்டிலிருந்து ஒரு மேட்சைப் படித்துக் காட்டினார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுவத்தொண்ணு, மார்ச்சு ஏழாந்தேதி. நம்ம கார்பென்டர்ஸு ஒண்ணு, எதிராளி ஜீரோ."

"யாரு கோல் போட்டது?" என்றாள் சென்னம்மாள்.

நோட்டில் இல்லை. 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். சாதிக் பாஷாவின் வாய் அதற்குப் பழக்கப்படவில்லை. ஃபேஸ்புக்கில் பார்த்த ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவைத்தார்.

"அது கெடக்கட்டும். நாங்க போட்டிருக்கறமே இந்த ஒண்ணாம் நம்பரு, அது யாருங்க?" சென்னம்மாள் விடவில்லை.

முப்பது பச்சைச் சட்டைகள் அவர் முகத்தையே பார்த்தன. "அதுவா? யாவ் மென்சா" என்றார் சாதிக் பாஷா. அந்த நொடி வரை அப்படி ஒருவர் உலகத்தில் இருப்பதாக அவருக்கே தகவல் இல்லை. ஃபேஸ்புக் பக்கத்தில் கண்ட ஒருவருடைய முன்பெயரையும் இன்னொருவருடைய பின்பெயரையும் ஒட்டிவிட்டார், அவ்வளவுதான். "கோல்கீப்பருங்க. மரமில்லுல வேலை. ரம்பத்துல மாட்டி இடது கையில ரெண்டு விரலு இல்ல. மீதி எட்டு விரல்லயே பந்தைப் புடிச்சுப்போடுவாரு."

அன்றைக்கு பஸ் வந்தும் யாரும் ஏறவில்லை. கண்டக்டர் ஐயாக்கண்ணு விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், அந்த மேட்சில் யாவ் மென்சா பெனால்ட்டியைத் தடுத்து முடிக்கும்வரை நின்றார்.

அப்புறம் கேட்கவேண்டுமா! தினம் ஒரு மேட்ச். கோல் கணக்கு மட்டும் நோட்டில் உள்ளபடி இருக்கும். அதில் கைவைக்க மாட்டார், அது அவர் வைத்திருந்த நாணயம். மற்றதெல்லாம் அவர் கைவரிசை. கார்பென்டர்ஸ் ஆறு கோல் வாங்கித் தோற்ற நாளில், யாவ் மென்சா மட்டும் இல்லையென்றால் பதினாறு ஆகியிருக்கும் என்பார். யாவ் மென்சாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மகள் பிறந்த அன்றைக்கும் மைதானத்தில் நின்றார். மழையில் நனைந்து காய்ச்சலோடு ஆடிய ஒரு மேட்சைக் கேட்டுச் சென்னம்மாள் பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே போனாள். தஸ்லீமா மட்டும் உள்ளே துணி மடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் கடை சாத்தும்போது, "உங்க யாவ் மென்சாவ எப்பங்க சாகடிக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"எதுக்குச் சாகோணும்?"

"இல்லீனா நீங்க மாட்டிக்குவீங்க."

மாட்டிக்கொண்டது இப்படித்தான். பஸ் ஸ்டாப்பில் நின்ற பச்சைச் சட்டைக் கூட்டத்தைப் போட்டோ எடுத்து அவர் அசாரேவுக்கு அனுப்பினார். அசாரே பூரித்துப் போய், அவர்களுக்கு என்ன கதை சொல்கிறீர்கள், எங்களுக்கும் கொஞ்சம் அனுப்புங்கள் என்று கேட்டார். சாதிக் பாஷா சொல்லச் சொல்லச் செல்வமேரி இங்கிலீஷில் டைப் அடித்தார். பன்னிரண்டு மேட்ச் போயிற்று. அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. இந்த விவரமெல்லாம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மனுஷன் கண் இமைக்காமல் சொன்னார்: "எங்க அத்தா பெரிய வால்வு ரேடியோ வெச்சிருந்தாருங்க. ஏற்காடு ஐயாயிரம் அடி உசரம். குறுக்க மலை கிடையாது. கானா ஸ்டேஷன் கணீர்னு கேக்கும். அத்தா எல்லாத்தையும் தமிழ்ல எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு."

செல்வமேரி அதையும் நம்பி டைப் அடித்தார். கணக்கு வாத்தியார் அசாரேவும் நம்பினார். அறுபது வருடமாக யாரும் கண்டுகொள்ளாத தன் கிளப்பை ஏதோ ஒரு மலையுச்சியில் ஒருத்தர் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றால், எந்த மனுஷனுக்குத்தான் நம்ப மனம் வராது? அடுத்த மாதமே கிளப்பின் முத்திரையோடு ஒரு சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. சேலம் ஏற்காடு திரு. சாதிக் பாஷா அவர்கள் அடோம்பா மைட்டி கார்பென்டர்ஸின் கௌரவ வரலாற்று ஆசிரியர். அறுபதாம் ஆண்டு மலரில் வரலாற்றை எழுதப்போவது அவர்தான்.

சாதிக் பாஷா அதைப் பிரின்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டினார். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை ஃபெயில் ஆனவர். அதில் ஒரு முறை வரலாற்றில். தன்னை ஒருவர் 'ஆசிரியர்' என்று எழுதியதை அவர் நாளைக்கு நாலு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு வேறெந்தப் பெருமையும் வாழ்க்கையில் வாய்க்கவில்லை, அதை நாமும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மலர் அச்சுக்குப் போக ஒரு மாதம் இருந்தபோது அசாரே குரல் செய்தி ஒன்று அனுப்பினார். செல்வமேரி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இருவரும் கேட்டார்கள். கிளப் கூட்டத்தில் யாவ் மென்சாவின் சாகசங்களைப் படித்துக் காட்டினார்களாம். அந்த ஊரில் யாவ் மென்சா என்பது இங்கே முருகேசன் என்பதைப் போல. தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். உடனே மூன்று கிழவர்கள் எழுந்து, அது நான்தான் என்று சண்டை போட்டார்களாம். அதில் ஒருவருக்குக் கணக்குப் பார்த்தால் அந்த மேட்ச் நடந்தபோது எட்டு வயது. இன்னொருவருக்குப் பத்து விரலும் பத்திரமாக இருந்தது.

சாதிக் பாஷா விழுந்து விழுந்து சிரித்தார். செய்தி முடியவில்லை.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு அகோசுவா என்று ஒரு வயதான அம்மாள் வந்திருக்கிறார். புருஷன் பெயர் யாவ் மென்சா. மரமில் தொழிலாளி. அங்கே வேலை செய்த பலரைப் போல அவருக்கும் ரம்பத்தில் விரல் போயிருந்ததாம். செத்துப் பத்து வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை, நான் கார்பென்டர்ஸுக்கு கோல்கீப்பராக ஆடியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். ஊரே சிரிக்குமாம். அந்த அம்மாளும் சிரித்தவர்தான். இந்தியாவிலிருந்து வந்த பக்கத்தை அசாரே படிக்கக் கேட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். ஆண்டு விழாவில் அவருக்கு மேடையில் மரியாதை செய்யப்போகிறோம், மைதானத்தின் வடக்கு கோல்போஸ்ட்டுக்கு யாவ் மென்சா பெயர் வைக்கப்போகிறோம், எல்லாம் உங்களால்தான், ஆண்டவன் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று முடித்திருந்தார் அசாரே.

"நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க பாய்" என்று செல்வமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாதிக் பாஷா டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு மேட்ச் இல்லை. கடையில் ஸ்வெட்டர் கேட்டவருக்கு லுங்கியை எடுத்துப் போட்டார். மூன்று நாள் இப்படிப் போனபிறகு தஸ்லீமா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். விஷயம் முழுதும் வெளியே வந்தது.

"சொல்லீருங்க" என்றார் தஸ்லீமா.

"எப்புடிச் சொல்றது? பத்து வருசம் கழிச்சு அந்தம்மாவுக்குப் புருசன் சொன்னது நெசம்னு தெரிஞ்சிருக்குது. அதைப் போய்ப் புடுங்கச் சொல்றியா? சும்மா இருந்தா யாருக்கு என்ன நட்டம்?"

"யாருக்கும் நட்டமில்லைங்க. அப்ப நீங்க எதுக்கு மூணு நாளா சோறு திங்கல?"

சாதிக் பாஷா நிமிர்ந்து பார்த்தார். உண்மையைச் சொன்னால் முதலில் போவது கல்லாவுக்கு மேலே தொங்குவது. அது போனால் போகட்டும் என்றும் சொல்ல மனம் வரவில்லை, அதுதான் அவரை இன்னும் அசிங்கமாக உணர வைத்தது. தான் கவலைப்படுவது அந்த அம்மாளுக்காகவா அந்த லேமினேஷனுக்காகவா என்று நினைத்துப் பார்த்தார். பாதிப் பாதி என்று தோன்றியது.

மறுநாள் காலையில் செல்வமேரியிடம் போய்ச் சொன்னார். வால்வு ரேடியோவில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். செல்வமேரி கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"முப்பது வருசம் எஸ்டேட்ல டைப் அடிச்சனுங்க. மேனேஜரே ஒரு தேதியை மாத்திப் போடச் சொன்னப்போ மாட்டன்னு எந்திரிச்சுப் போனவ நானு. என் கையால பன்னெண்டு மேட்ச்சுப் பொய் அடிக்க வெச்சிட்டீங்களே பாய்?"

"தப்புத்தானுங்க."

"அந்த ரெண்டு விரலு?"

"அதும் பொய்தானுங்க."

"அதுக்காக நான் பிரேயர்ல வேண்டுனேனுங்க!"

திட்டி முடித்தபிறகு அவரே கம்ப்யூட்டரைத் திறந்தார். சாதிக் பாஷா சொல்ல, ஒரு வார்த்தை மெருகேற்றாமல் அடித்தார். கோல் கணக்கு மட்டும் நோட்டில் உள்ளது. மற்றவை நான் கட்டிவிட்டவை. யாவ் மென்சா என்று ஒருவரை எனக்குத் தெரியாது. என்னை மன்னிக்க வேண்டும். அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியாது. இரண்டு 'தெரியாது'. சொல்லி முடிக்கும்போது அவருக்கு வியர்த்துவிட்டது.

அசாரே செய்தியைப் பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். சாதிக் பாஷா சான்றிதழைக் கழற்றி ஒரு சட்டைப் பெட்டிக்குள் வைத்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் செல்வமேரி செல்போனோடு கடைக்கு வந்தார். "வீடியோ கால் போடறாங்களாம், இன்னும் பத்து நிமிசத்துல. அந்தம்மாவும் கூட இருக்காங்களாம்."

"உள்ள போயிப் பேசலாமுங்க."

"எங்க நின்னு கதை விட்டீங்களோ அங்கயே நின்னு கேளுங்க."

வாசலில் கூட்டம் வழக்கம்போல நின்றது. ஒரு வாரமாக மேட்ச் இல்லாத கோபத்தில் வேறு இருந்தார்கள். சாதிக் பாஷா படியில் ஏறி நின்று, தொண்டையைச் செருமி, யாவ் மென்சா என்று ஒருத்தர் கிடையாது என்பதைச் சொன்னார்.

சென்னம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப அந்தப் பெனால்ட்டி?"

"இல்லீங்க."

"காச்சலோட ஆடுனது?"

"இல்லீங்க."

"அவரு மக?"

"மகளும் இல்லீங்க."

"பின்ன எதுக்குங்க நான் அன்னிக்கு மாரமங்கலம் வரைக்கும் அழுதேன்?" என்றாள் சென்னம்மாள். நல்லவேளையாக அப்போது போன் அடித்தது.

திரையில் அசாரேவின் முகம் தெரிந்தது. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பரீட்சைத் தாளைத் திருப்பித் தரும் வாத்தியாரின் முகம். அவர் பக்கத்தில் நீலப் பூப்போட்ட உடையில், தலையில் துணி கட்டிய ஒரு அம்மாள். எழுபத்தைந்து வயதிருக்கும், நல்ல ஆகிருதி. அந்த அம்மாள் தன் பாஷையில் பேச, அசாரே இங்கிலீஷில் சொல்ல, செல்வமேரி தமிழில் சொன்னார். இரண்டு கை மாறி வந்தாலும் அந்த அம்மாளின் குரலில் இருந்த உறைப்பு குறையவில்லை.

"'அந்தப் பொய்காரன் யாரு, முன்னால வரச் சொல்லு'ங்கறாங்க."

சாதிக் பாஷா முன்னால் வந்து கைகூப்பினார்.

"'உன் காகிதம் வந்ததுல இருந்து நான் தூங்கல. நாப்பத்தஞ்சு வருசம் அந்த மனுசன் நான் கோல்கீப்பரு, நான் கோல்கீப்பருன்னு சொல்லும். நான் அது மூஞ்சிக்கு நேரா, நீ புளுகன்னு சொல்லுவேன். சாகற அன்னிக்கும் சொன்னேன். அது நெசம்னு நீ எழுதிட்டே. நான் எப்புடித் தூங்கறது? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்த முட்டி வலியோட கல்லறைக்கு நடந்து போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். ரெண்டு வாரம்!'ங்கறாங்க."

சாதிக் பாஷா கூப்பிய கையை இறக்கவில்லை. அந்த அம்மாள் நிறுத்தவும் இல்லை.

"'இப்ப வாத்தியார் வந்து அது பொய்யின்னு சொன்னாரு. நேத்து மறுபடியும் கல்லறைக்குப் போனேன். யோவ், நீ புளுகன்தான், நான் சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டு வந்தேன். பத்து வருசத்துக்கு அப்புறம் நேத்துத்தான் பழையபடி ரெண்டு பேரும் சண்டை போட்டாப்புல இருந்துச்சு. நல்லாத் தூங்குனேன்'ங்கறாங்க."

செல்வமேரி கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது சிரித்துவிட்டார். சென்னம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சாதிக் பாஷாவுக்கு மட்டும் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவரு எதுக்குங்க அப்புடிச் சொன்னாரு?" என்று கேட்டார். ஒரு புளுகர் இன்னொரு புளுகரைப் பற்றிக் கேட்கும் அக்கறை அதில் இருந்தது.

கேள்வி அந்தப் பக்கம் போய்ப் பதில் திரும்பி வந்தது. ஆசைதான், வேறென்ன? டீமில் சேரக் கேட்டாராம், கண்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஆனால் ஒரு மேட்ச் விட்டதில்லை. வெயில், மழை, எந்த ஊரானாலும் லாரியில் தொற்றிக்கொண்டு போய்விடுவார். திரும்பி வந்து, சோற்றைக்கூடத் தொடாமல், முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரைக்கும் அந்த அம்மாளை உட்கார வைத்துச் சொல்லுவாராம். சோறு ஆறிப்போகும். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு அந்த அம்மாளுக்கே எல்லாம் மனப்பாடமாம்.

சாதிக் பாஷா எழுந்து நின்றார். "எல்லாம்னா? எழுவத்தொண்ணு மார்ச்சு ஏழாந்தேதி மேட்ச்சு, ஒண்ணுக்கு ஜீரோ. அது தெரியுமான்னு கேளுங்க. யாரு கோல் போட்டதுன்னு கேளுங்க."

அந்த அம்மாள் யோசிக்கக்கூட இல்லை. ஒரு பெயரைச் சொன்னார். பந்து எந்தக் காலில் பட்டது, எதிராளி ரெஃப்ரியை எப்படி வைதார்கள், மழை எப்போது வந்தது, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அசாரே இங்கிலீஷில் மாற்றுவதை நிறுத்திவிட்டு, சட்டைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தார். அறுபது வருடத்தில் யாரும் எழுதிவைக்காத ஆட்டம் அது. சாதிக் பாஷா கல்லாவிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து, முதுகுப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். செல்வமேரி மட்டும் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். அவருக்கு ஒரு முறை பட்டது போதும்.

"அம்மா, ஒரு நிமிசங்க. உங்க ஊட்டுக்காரரே புளுகருன்னு சொல்றீங்க. அவரு சொன்ன மேட்ச்சுல எது நெசம், எது பொய்யின்னு நாங்க எப்புடிக் கண்டுபுடிக்கறது?"

கேள்வி இங்கிலீஷாகி, அந்த ஊர்ப் பாஷையாகிப் போயிற்று. அகோசுவா அம்மாள் முதன்முறையாகச் சிரித்தார். பதில் அசாரே வழியாகச் செல்வமேரியிடம் வந்தது. அதற்குள் மாரமங்கலம் பஸ் வந்து நின்றுவிட்டது, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"'நான் பண்ணுனேன், நான் புடிச்சேன்னு அந்த மனுசன் சொன்னதை மட்டும் தள்ளிரு. மீதியெல்லாம் நெசம். அது டீமு மேல பொய் சொல்லாது'ங்கறாங்க."